முதலில் சொன்னது யார்

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
14.11.2024

அன்புள்ள மச்சான் கதிரவேலுக்கு,

நான் சுகம். சீனி வருத்தம் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, முழங்கால் வலி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதுக்கு இதற்கு மேல் குறை சொல்ல ஏலாது. நீங்களும் மகளும் சுகமாக இருக்கவேண்டும்.

உங்கட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அறிய முதலே சந்தை அறிந்துவிட்டது. தபால்காரர் றம்ஸான் நோர்வே முத்திரையை வழிநெடுகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ரீச்சர், வெளிநாட்டுக் கடிதமாம், நல்ல சேதியோ?" என்று கடலை விற்கிறவள் கேட்ட பிறகுதான் அது என் கைக்கு வந்தது. மூன்று வருசத்துக்குப் பிறகு ஒரு கடிதம். முந்தினது, உங்கட மனிசி வதனி கண்ணை மூடினபோது நான் எழுதின இரண்டு வரிக்கு நீங்கள் எழுதின ஒரு வரி. ஆகவே இதைப் பிரிக்க முதல் முகம் கழுவினேன், கண்ணாடியைத் துடைத்தேன், கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

பிரித்தால் மகளின் பள்ளிக்கூட வேலை! வானியலில் ஒரு சர்ச்சையை எடுத்து, அதைப்பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்று எழுதவேண்டுமாம். நான் பள்ளிக்கூட நூலகர் என்றபடியால் எனக்குத் தெரியுமாம். மச்சான், நோர்வேயில் இருந்த நூலகமெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டதோ?

வட்ஸ்அப்பில் கேட்டிருக்கலாமே என்று எழுதிவிட்டு வெட்டினேன். எங்கட குடும்பக் குழுவில் ஒரு வசனம் போட்டால் பக்கத்து ஊர் சல்லியிலிருந்து கனடா வரைக்கும் அபிப்பிராயம் வரும். கடிதம் நல்லது.

மகளை வெள்ளிக் கோளை எடுக்கச் சொல்லுங்கோ. அங்கே உயிர் இருக்கிறது, இல்லை என்று நாலு வருசமாகச் சண்டை. பின்னேரம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு வரும்போது உள்துறைமுகத்துக்கு மேலே தனியாக நிற்கும். அங்கே தெரிகிறதோ?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கோ.

மச்சாள்,
சுலோஜனா


பேர்கன்
8.12.2024

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு மருந்து எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை.

மகள் டிலக்சி வெள்ளியையே எடுத்துவிட்டாள். யார் சொல்வது சரி என்று அவள் சொல்லத் தேவையில்லை. யாரை ஏன் நம்பலாம் என்று சொன்னால் போதும் என்பது ஆசிரியரின் விதி. பதினொரு கட்டுரை சேர்த்திருக்கிறாள், பட்டியல் இத்துடன் இருக்கிறது. ஏழு ஒரு பக்கம், நாலு மறுபக்கம். எண்ணிப் பார்த்து முடிவு சொல்லலாமா என்று அன்ரியிடம் கேட்கச் சொன்னாள்.

இங்கே வெள்ளி தெரியவில்லை. தெற்கே மலை, மேலே மழை. நான் ஓட்டும் பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் ஒரு மேட்டில் இருக்கிறது. ஏழு நிமிடம் நிறுத்தவேண்டும். இறங்கிப் பார்க்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கதிரவேல்


திருகோணமலை
6.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

மாரி மழையில் சுவரெல்லாம் பூஞ்சணம், மூக்கில் தடிமன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன். நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் புதுவருசம் நன்றாக அமையட்டும்.

மகளுக்கு முதல் பாடம்: எண்ணக்கூடாது. ஏழு கட்டுரை என்றால் ஏழு பேர் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. ஸஜ்ஜாத்தின் போட்டோகொப்பிக் கடையில் பதினொன்றையும் அச்செடுத்து வாசித்தேன். ஒன்றின் கடைசிப் பக்கத்தைக் கடற்கரையில் ஒரு மான் தின்றுவிட்டது. சத்தியமாக. எங்கட ஊர் மான்களுக்கு வரவரப் படிப்பில் ஆர்வம் கூடிவிட்டது. முடிவுரை அதன் வயிற்றில்.

மிச்சத்தில் விளங்கினது இதுதான். 2020இல் ஒரு குழு, வெள்ளியின் முகிலில் பொசுபீன் என்ற வாயு இருக்கிறது என்றது. பூமியில் அந்த வாயு ஒக்சிசன் இல்லாத இடத்து நுண்ணுயிர்களோடு சேர்ந்து வருமாம். ஆகவே அங்கேயும் உயிர் இருக்குமோ என்று உலகம் துள்ளியது. அழுகின மீன் மணமாம். அந்த மணத்தை வைத்து உயிர் உண்டு என்று சொல்லலாம் என்றால், எங்கட மீன் சந்தைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் ஒரு நாகரிகமே இருக்கவேண்டும்.

பிறகு வேறு குழுக்கள் வந்தன. அதில் கனபேர் புதிதாக ஒன்றும் பார்க்கவில்லை. முதல் குழு பார்த்த அதே தரவைத் திரும்ப அலசினார்கள். இரைச்சலை எடுக்க முதல் குழு பன்னிரண்டாம் படிச் சமன்பாட்டால் வரைபின் கோட்டை நேராக்கியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு நேராக்கினால் இல்லாத பள்ளமும் தெரியும் என்றார்கள். தொலைக்காட்டிக்காரரும் தங்கட அளவுதிருத்தத்தில் பிழை கண்டு தரவைத் திருத்திக் கொடுத்தார்கள். முதல் குழு தன் அளவைக் குறைத்தது. ஆனாலும் இருக்கிறது என்றே நிற்கிறது. குறைத்ததை ஒளிக்காமல் எழுதினதற்கு அவர்களுக்கு ஒரு புள்ளி கூடப் போடச் சொல்லுங்கோ.

ஆகவே ஒவ்வொரு கட்டுரையிடமும் கேட்கவேண்டியது: நீ உன் கண்ணால் கண்டாயா, கண்டவன் சொல்லக் கேட்டாயா? முதலில் சொன்னது யார்?

இதை நான் நூலகப் பயிற்சியில் படிக்கவில்லை, ஊர்க்கதையில் படித்தேன். ஒரு உதாரணம், மகளுக்குச் சொல்லவேண்டாம். 1998இல் நீங்கள் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் முடித்துவிட்டீர்கள் என்று ஐந்து பேர் எனக்குச் சொன்னார்கள். மூதூரிலிருந்து ஒருவர், திரியாயிலிருந்து ஒருவர், மிச்சம் ஊருக்குள். ஐந்து திசையால் வந்தால் உண்மை என்றுதானே எடுப்போம்? நானும் எடுத்தேன். கடைக்குப் போய் உங்களுக்கு ஒரு கலியாண வாழ்த்து மட்டை வாங்கி அனுப்பினேன். சரி, அது பழைய கதை.

இன்னொன்று. 'அன்ரி' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் கீரை விற்கிறவளும் எனக்கு அன்ரி என்கிறாள். நீங்கள் என் மாமாவின் மகன். உங்கட மகள் என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழுதமாட்டேன்.

மழையில் நனையாதீர்கள் என்று பேர்கன்காரருக்கு எழுதுவது வீண். இருந்தாலும் எழுதுகிறேன்.

சுலோஜனா


பேர்கன்
29.1.2025

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

எந்த வெள்ளைக்காரி?

நான் கலியாணம் செய்தது 2004இல், வதனியை. அதற்கு முன் எவரும் இல்லை. 1997 கடைசியிலிருந்து ஒரு வருசம் என்னை வடக்கே மூன்று அகதி முகாம்களுக்கு மாற்றினார்கள். அந்த வருசத்தில் உங்களுக்கு எட்டுக் கடிதம் எழுதினேன். கிடைக்கவில்லையா?

அந்த ஐந்து பேர் யார்?

வெள்ளி இப்போது நன்றாகத் தெரிகிறது. கடைசித் தரிப்பிடத்தில் நேற்று ஒன்பது நிமிடம் நின்றுவிட்டேன். ஒரு கிழவி பஸ்ஸுக்குள் இருந்து கண்ணாடியில் தட்டினாள்.

கதிரவேல்


திருகோணமலை
19.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

தடிமன் மாறிவிட்டது. நீங்கள் பஸ்ஸைப் பிந்தி எடுத்து வேலையை இழக்காமல் சுகமாக இருக்கவேண்டும்.

எட்டுக் கடிதமா? ஒன்றும் வரவில்லை மச்சான், சண்டைக்காலத்தில் எந்தத் தபால் மூட்டையோடு தொலைந்ததோ. அப்போது இருந்த தபால்காரர் எங்கட வாசல் படலை வந்ததும் சைக்கிளை விட்டிறங்கி, மணி அடிபடாமல் தள்ளிக்கொண்டு போவார். மணிச்சத்தம் கேட்டு நான் ஓடி வந்தால் தர ஒன்றும் இல்லையே என்று அவருக்குப் பயம். அப்படிப் பதினொரு மாதம்.

நீங்கள் கேட்டபடி விசாரணை நடத்தினேன். ஐந்து பேரில் இரண்டு பேர் மேலே போய்விட்டார்கள், அவர்களிடம் கேட்கிற அவசரம் எனக்கு இல்லை. மிச்சம் மூன்று பேருக்கும் சொன்னது ஒரே ஆள், எங்கட முன்வீட்டு இராசமலர் அக்கா. இப்போது எழுபத்தெட்டு வயது, காது மந்தம், வாய் மட்டும் புதுசு.

"ஓமடி, நான்தான் சொன்னனான். படமும் கண்டனான். நீலச் சட்டை, மஞ்சள் தலைமயிர்."

"படத்தை ஆர் அக்கா காட்டினது?"

"காட்டினதெண்டு... கண்ட ஆக்கள் சொன்னவை."

"ஆர் சொன்னவை?"

"உன்ர சிநேகிதி மைமூனா. நீங்கள் ரெண்டு பேரும் தையல் வகுப்பு நடத்தினீங்களே, அவள்தான். அவளுக்குத் தெரியாமல் இருக்குமே?"

ஐந்து மூலம் ஒன்றாகிவிட்டது, படம் காற்றோடு போய்விட்டது. மைமூனா இப்போது கிண்ணியாவில் மகள் வீட்டில். அவளை இன்னும் காணவில்லை. பஸ் ஏறவேண்டும், முழங்கால். பார்ப்போம்.

மகளின் வேலை எந்த அளவில் இருக்கிறது? முகில் கொஞ்சம் விலகியிருக்கிறது இங்கே.

சுலோஜனா


பேர்கன்
14.3.2025

அன்புள்ள மச்சாள்,

சுகம். உங்கள் கடிதம் வழமையைவிடச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஏதும் இல்லையே?

உங்கள் மட்டை 1998 ஒக்டோபரில் வந்தது. பழைய முகாமுக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தது. பொன் எழுத்து, இரண்டு கிளி. உள்ளே உங்கள் கையெழுத்தில் 'நல்லாய் இருங்கோ' என்று மட்டும். நான் கலியாணம் செய்யவில்லை. ஆகவே அதை, 'என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், வேறு ஆளைப் பாருங்கோ' என்று வாசித்தேன். வேறு எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போது இருபத்தெட்டு வயது. ரோசம் இருந்தது.

மட்டை இன்னும் இருக்கிறது.

கிண்ணியாவுக்குப் பாலம் போட்டுக் கனகாலம் என்று அறிந்தேன். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம் என்று வரைபடம் சொல்கிறது. நான் பஸ் ஓட்டுகிறவன். போய்க் கேளுங்கள்.

கதிரவேல்


பேர்கன்
27.4.2025

அன்புள்ள மச்சாள்,

ஆறு கிழமையாகக் கடிதம் இல்லை. றம்ஸான் ஓய்வு பெற்றுவிட்டாரோ என்று யோசித்தேன்.

டிலக்சி வேலையைக் கொடுத்துவிட்டாள். மார்ச் கடைசியில் வெள்ளி சூரியனுக்குக் கிட்டப்போய் மறைந்தது. இப்போது விடியப்புறம் வருமாம். இங்கே அதற்குள் வெளிச்சம் வந்துவிடுகிறது. தெரியாது.

மைமூனாவைக் காணாவிட்டாலும் பரவாயில்லை. சுகமா என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

கதிரவேல்


திருகோணமலை
16.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். உங்களை வருந்த வைத்துவிட்டேன்.

மைமூனாவைக் கண்டனான். பெப்ரவரியிலேயே கண்டனான். 'இன்னும் காணவில்லை' என்று உங்களுக்கு எழுதினேனே, அதை எழுத மூன்று நாளைக்கு முன். முழங்கால் பாவம், அதில் பழி போட்டேன்.

அவள் மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்துக்கொண்டு இருந்தாள். கேட்டவுடன் உலக்கையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன புள்ள, என்னட்டயா கேக்கிறாய்? நீதானே சொன்னாய்!"

"நானோ?"

"அல்லா, மறந்திட்டியா? தையல் வகுப்பில. மச்சான்ட கடிதம் வந்ததா எண்டு நான் கேட்டன். 'அவர் அங்க ஒரு வெள்ளைக்காரிய முடிச்சிட்டாரடி, அந்தக் குளிருக்கு ஆள் வேணுமல்லோ' எண்டு சொல்லி, ஊசிய வாயில வச்சுக்கொண்டு சிரிச்சாய். நீ சொன்னா நான் நம்பாம?"

அவள் சொன்ன பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. ஊசியின் ருசி கூட.

அன்றைக்கு வகுப்பில் பதினான்கு பொம்பிளைகள். மைமூனா கேட்டதும் எல்லாரும் மெசினை நிற்பாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். வரவில்லை என்று சொல்லியிருந்தால் பாவம் பார்த்திருப்பார்கள். பகிடி விட்டால் சிரித்துவிட்டு மெசினை மிதிப்பார்கள். மிதித்தார்கள். அந்தப் பகிடி பதினான்கு வீட்டுக்குப் போய், ஒரு வீட்டில் நீலச் சட்டை போட்டு, இன்னொரு வீட்டில் தலைமயிர் மஞ்சளாகி, மூன்று மாதத்தில் மூதூராலும் திரியாயாலும் என்னிடம் திரும்பி வந்தது. நான் பெற்றதை நானே அடையாளம் காணவில்லை. வாசலில் நின்று, வாருங்கோ என்று கும்பிட்டுக் கூட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, முதலில் சொன்னது யார் என்று பார், முதலில் சொன்னது யார் என்று பார் என்று படிப்பிக்கிறேன். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்கிற ஆட்களுக்கு ஏழு விதமான காரணம் வைத்திருக்கிறேன், ஆளுக்குத் தக்க மாதிரி. ஏழும் நல்ல பகிடி.

மன்னியுங்கோ என்று எழுதத்தான் இருந்தேன். எழுதிப் பார்த்தால் அது பொருந்தவில்லை. வதனி உங்களுக்கு நல்லவளாக இருந்தாள். மகள் இருக்கிறாள். அதெல்லாம் நடந்திருக்கக்கூடாது என்று நினைக்க எனக்கு மனம் வராது, வரவும் கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த எட்டுக் கடிதத்திலும் என்ன எழுதியிருந்தீர்கள்? இதை நினைத்து நினைத்துத்தான் இரண்டு மாதம் பேனையை எடுக்க ஏலாமல் இருந்தனான்.

வெள்ளி உள்துறைமுகத்தை விட்டுவிட்டுக் கிழக்கே டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் மாறிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் போனால் தெரிகிறது. போகிறேன்.

சுலோஜனா


பேர்கன்
21.6.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? தமிழ்ப் பள்ளியில் கடிதம் இப்படித்தான் தொடங்கவேண்டும் என்று படித்தேன். நான் டிலக்சி.

முதலில் ஒரு திருத்தம். முன்பு நான் அன்ரி என்று சொன்னேன். சரியான முறை என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். இரண்டு நாள் அவர் பஸ்ஸைப் பற்றியே பேசினார். பிறகு குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எனக்கு மச்சாள் எண்டால் உனக்குச் சின்னம்மா" என்றார். நீங்கள் என் அம்மாவைவிட ஒரு வயது இளையவர், அதனால் பெரியம்மா இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்று அவருக்கு விடுமுறை நாள்.

என் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஒரு மூலத்தின் கடைசிப் பக்கத்தை மான் தின்றது என்று அடிக்குறிப்பில் எழுதினேன். ஆசிரியர் அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு ஆச்சரியக்குறி போட்டார். ஆனால் இரண்டு புள்ளி குறைத்துவிட்டார். யாரை நம்பலாம் என்று எழுதினாய், சர்ச்சை எப்படித் தீரும் என்று எழுதவில்லை என்றார். பதில் சுலபம்தான். பூமியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தீராது. அங்கே போகவேண்டும்.

அதனால் நாங்கள் ஓகஸ்ட் 9ஆம் திகதி வருகிறோம். பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். நான் மான் பார்க்கவேண்டும்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்து மேசையில் இருந்து எழுதுகிறார். என்ன என்று கேட்டேன். பழைய கடிதங்களைத் திரும்ப எழுதுகிறாராம். எட்டில் ஆறு ஞாபகம் வந்துவிட்டதாம். தபாலில் போடமாட்டாராம். கையில் கொண்டு வருவாராம்.

ஓகஸ்டிலும் வெள்ளி டச்சுக்குடாப் பக்கம் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
டிலக்சி


திருகோணமலை
10.7.2025

அன்புள்ள மகள் டிலக்சிக்கு,

நான் சுகம். முழங்காலும் சுகம், கடற்கரைக்கு நடந்து நடந்து அதற்கே வெட்கம் வந்துவிட்டது. நீயும் அப்பாவும் சுகமாக வந்து சேருங்கோ.

தெரியும் என்று அப்பாவிடம் சொல்லு. விடிய ஐந்து மணிக்கு, கடலுக்கு மேலே. பஸ் எடுக்கவேண்டிய அவசரம் இங்கே இல்லை, ஏழு நிமிடம் என்ற கணக்கும் இல்லை. ஞாபகம் வராத இரண்டு கடிதத்தையும் இங்கே வந்து இருந்து எழுதலாம். மேசை துடைத்து வைத்திருக்கிறேன்.

மான்களுக்கும் சொல்லிவிட்டேன். முடிவுரையைத் தின்றது எது என்று ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு விசயம், உன்னுடைய ஆசிரியருக்குப் பிரயோசனப்படும். நீங்கள் வருகிறீர்கள் என்று இந்தக் கிழமைக்குள் ஆறு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். றம்ஸான் சொன்னார், கடலைக்காரி சொன்னாள், ஸஜ்ஜாத் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டே சொன்னான், கிண்ணியாவிலிருந்து மைமூனா போன் எடுத்துச் சொன்னாள். இராசமலர் அக்கா விமானத்தின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னா. இந்த முறை நான் விடவில்லை. ஆர் சொன்னது, ஆர் சொன்னது என்று ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தேன்.

ஆறு பேருக்கும் முதலில் சொன்னது நான்தான்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சின்னம்மா